நெல்லையப்பனுக்கு ஆன்லைன் அஞ்சலி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த மகத்தான காரியம், வலியசாலையில் எங்கள் தெருவுக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கியதுதான். அதற்கு முன்பு நாங்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். எவ்வளவு பின்தங்கிய நிலை!

குழுவின் இணைச் செயலாளன் என்ற பொறுப்புணர்வோடு ஒரு சாதனையைப் பதிவு செய்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செயலாளர் திரவியம், ஓய்வுபெற்ற கணக்கர் நெல்லையப்பனின் படத்தைக் குழுவில் போட்டார். அவருக்கு அன்று பிறந்தநாள். வாழ்த்தை எழுதி முடிப்பதற்குள் திரவியத்தின் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது.

வாசகம் ஏதுமில்லாமல் ஒரு வயதானவரின் படம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோடி வீட்டு அபிலாஷ் முதல் ஆளாக ‘ஆதராஞ்சலிகள்’ என்று மலையாளத்தில் இரங்கல் போட்டான். உடனே குழு முழுவதும் கைகூப்பியது. அழுகிற முகங்கள் வரிசை கட்டின. யாரோ கேக் படம் போட்டு, பதறிப்போய் நீக்கினார். வேகம் என்றால் இதுவல்லவா வேகம்! அந்தக் காலத்தில் சாவுச் செய்தி தெருவைச் சுற்றிவர அரை நாளாகும். அதுவும் ஆள் செத்த பிறகுதான் கிளம்பும்.

நெல்லையப்பன் எழுதினார்: ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்.’

பக்கத்து வீட்டு ஷைலஜா குரல் பதிவில் தழுதழுத்தாள். “பாவம், அவரோட போன்ல மக எழுதறாளாக்கும். அப்பா போனதை அவளால தாங்க முடியல்ல.”

போன் உயிர்பெற்றதும் குழுவைப் பார்த்த திரவியம், ‘வாழ்த்துவதற்குள் போய்விட்டாரே!’ என்று கலங்கி, மாலையில் ஆன்லைன் இரங்கல் கூட்டம் அறிவித்தார். நெல்லையப்பனும் அதில் சேர்ந்தார்.

“ஓய் திரவியம்! எனக்கு ஒண்ணும் ஆகலைவே!”

“அங்கிளே, பிளீஸ், மியூட் செய்யணும் கேட்டோ. அஜெண்டால உங்க பேச்சு இல்ல” என்றான் அபிலாஷ்.

ஷைலஜா விம்மினாள். “எங்கிட்ட எத்தனை ஸ்நேகமா இருந்த மனுஷன்!”

“குழாய்ச் சண்டைக்கு அப்புறம் நீ என் மூஞ்சியையே பாக்கலையேம்மா?”

“அது அப்போ. இப்போதான் நீங்க போயாச்சில்லே.”

திரவியத்துக்கு மெல்ல விஷயம் விளங்கியது. “அப்போ இரங்கல் தீர்மானத்த வாபஸ் வாங்கணுமே... நம்ம பைலாவில அதுக்கு வழியில்லையே!”

நெல்லையப்பன் குரல் இறங்கிச் சொன்னார்: “சரிவே, நான் செத்ததாவே இருக்கட்டும். காலையிலேருந்து வாசக்கதவு தொறந்துதான் கெடக்கு. இத்தனை பேரு இதே தெருவுலதான இருக்கிய. ஒருத்தராவது பொணத்தப் பாக்க வந்தியளா?”

சபையில் பூரண அமைதி. இரங்கல் கூட்டத்தில் மௌன அஞ்சலி வழக்கம்தானே. திரவியம் அதையே அஞ்சலியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, நன்றி கூறிக் கூட்டத்தை முடித்தார்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நெல்லையப்பனுடையது என் வீட்டுக்கு நேர் எதிர் வீடுதான். வாசலில் தனியாக உட்கார்ந்து, யாராவது வருகிறார்களா என்று தெருவின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துயரத்தைக் கண்டும் காணாமல் இருக்க நான் என்ன கல்நெஞ்சனா? உடனே அவருக்கு ஒரு சிவப்பு இதயம் அனுப்பினேன். அவர் போனைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.