ஸ்டாண்டு இல்லாத வண்டி

ஸ்டாண்டை ரம்பத்தால் அறுத்தது வேறு யாருமில்லை, பல்செட்காரரேதான். அதனால் ஹாலில் நிறுத்தியிருந்த பந்தய மோட்டார் சைக்கிள் ஃப்ரிட்ஜின்மேல் சாய்ந்து, அதன் கதவை நசுக்கியபோது, அவரால் யாரையும் திட்ட முடியவில்லை.

பல்செட் செய்வது அவர் தொழில். எது எங்கே கடித்தாலும் கொஞ்சம் ராவிவிட்டால் சரியாகிவிடும் என்பது அந்தத் தொழிலில் அவர் கற்ற ஒரே வேதம். வண்டிக்கும் அதையே ஓதினார். வேகம் போதவில்லையா, எடையைக் குறை. கண்ணாடிகள் போயின. பின்சீட்டு போனது. மட்கார்டு போனது. கால் வைக்கும் கட்டைகளை அரத்தால் ராவி ராவிப் பென்சிலாக்கியிருந்தார். மிச்சமிருந்தது ஸ்டாண்டு ஒன்றுதான்.

ஃப்ரிட்ஜ் திறக்கவில்லை. சரி என்று துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து, வண்டியை ஜன்னல் கம்பியோடு கட்டினார். கொடியில் கிடந்த ஈரத்துணியெல்லாம் சோபாவுக்கு வந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்தாள்.

"ஏங்க, இது வீடா, ஒர்க்‌ஷாப்பா?"

"இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கம்மா."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. இப்ப நான் சொல்றேன், கேட்டுக்குங்க. இந்தத் தடவை பந்தயத்துல வைக்கற அந்தச் சாதனைப் பலகையில நம்ம வீட்டுப் பேரு ஏறணும். ஏறலன்னா வண்டியை வித்துடணும். எனக்கு ஹால் வேணும்."

பல்செட்காரர் தலையாட்டினார். அவருக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. சொல்லிக்கொள்கிற மாதிரி நல்ல பழக்கமும் கிடையாது. ஊரார் வாயின் அச்சையெல்லாம் குனிந்து பார்த்தே கழுத்து வளைந்துபோன மனிதருக்கு, வருஷத்தில் ஒருநாள் தூரத்தைப் பார்த்துப் போகிற சுகம் இது ஒன்றுதான்.

பந்தயம் வறண்டுபோன ஏரிப்படுகையில். பக்கத்தில் முட்டிமோத ஆள் கிடையாது. ஒருவர் போய்ச் சேர்ந்த பிறகே அடுத்தவர். நட்டுவைத்த கம்பங்களுக்கு நடுவே வண்டி பாயும்போது அதன் வேகத்தைக் கருவி பிடித்துக்கொள்ளும். போகும்போது ஒரு ஓட்டம், திரும்பும்போது ஒரு ஓட்டம். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு.

கணக்குக்குப் பொறுப்பு, குடைக்கு அடியில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்த நேரக்காரர். எதையும் நேராகச் சொல்லிப் பழகாதவர். காற்று எப்படி இருக்கிறது என்று பல்செட்காரர் கேட்டதற்கு, "காத்துன்னா அடிக்கத்தானே செய்யும்" என்றார். விதி விஷயத்தில் மட்டும் விடாக்கண்டர். உதவிக்கு மனைவி தன் மொபெட்டில் வந்திருந்தாள். அதற்கும் எண் வேண்டும் என்றார்.

"களத்தைச் சுத்திக் கட்டின கயித்துக்கு உள்ள வர்ற எந்த வண்டின்னாலும் ஒரு பிரிவுல பதிஞ்சாகணும் சார். உதவி வண்டின்னு இங்க பிரிவு கிடையாது."

"இருக்கற பிரிவுல எதிலயாவது போட்டுக்குங்க சார்" என்று அவசரப்பட்டார் பல்செட்காரர். மொபெட்டின் காய்கறிக் கூடையில் ஒரு எண் ஒட்டப்பட்டது.

ஓட்டம் பிரமாதமாகத்தான் தொடங்கியது. வண்டி வில்லிலிருந்து விட்ட அம்பாகப் போய்க் கம்பங்களைத் தாண்டியது. தாண்டியதும் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பெட்ரோலும் எடைதானே என்று மருந்து மாதிரி அளந்து ஊற்றியிருந்தார். அந்த அளவில் எதிர்க்காற்றைச் சேர்க்க மறந்திருந்தார்.

இறங்கலாமென்றால் ஸ்டாண்டு இல்லை. படுக்க வைக்கலாமென்றால், காற்றைக் கிழிக்க முன்னால் மாட்டி, ராவி அப்பளமாக்கிய மூடி நொறுங்கிவிடும். போன் செய்யலாமென்றால், எடை என்று அதையும் மேசையிலேயே விட்டுவந்திருந்தார். இரண்டு காலையும் ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றித் தலைக்குமேல் ஆட்டினார். கூட்டத்தில் இருந்தவர்கள் அவர் வெற்றியைக் கொண்டாடுகிறார் என்று நினைத்துத் தாங்களும் கையை ஆட்டினார்கள்.

மனைவிக்கு மட்டும் புரிந்தது. மொபெட்டை முழுமூச்சாக முறுக்கிக்கொண்டு, கம்பங்களுக்கு நடுவே புழுதி பறக்க வந்து சேர்ந்தாள். கூடையில் தண்ணீர் பாட்டில்.

"அடி பட்டுடுச்சா?"

"இல்லம்மா. பெட்ரோல் தீர்ந்துடுச்சு."

"நான் தண்ணியில்ல கொண்டுவந்தேன்."

"தண்ணியில ஓடாதும்மா."

"அது தெரியுதில்ல? பெட்ரோலை ஊத்தாம விட்டப்ப தெரியலையா?" என்று சொல்லிவிட்டு, வந்த வேகம் குறையாமல் திரும்பிப் போனாள்.

பெட்ரோலோடு மறுபடி வந்தாள். அவள் வண்டியைப் பிடித்துக்கொள்ள, அவர் ஊற்றினார். திரும்பும் ஓட்டத்துக்கு நேரம் இன்னும் இருந்தது. ஆசையோடு கட்டையில் ஒரு காலை ஊன்றி ஏறி, மறுகாலால் கிக்கரை உதைத்தார். பென்சில் கட்டை பென்சில் மாதிரியே ஒடிந்தது. ஊன்ற இடமில்லாமல் இனி உதைக்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது.

"நீ முன்னாடி போம்மா. நான் தள்ளிக்கிட்டே வந்துடறேன்."

அவள் ஒடிந்த கட்டையைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மொபெட்டைத் திருப்பினாள்.

தள்ளிக்கொண்டு வந்த வழியெல்லாம், வண்டி போன பிறகு ஹால் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று யோசித்தார். அந்த இடத்தில் அவள் ஒரு சாப்பாட்டு மேசை போடுவாள். அதற்குக்கூட நாலு கால் இருக்கும்.

மேசைக்கு வந்து சேர்ந்தபோது மனைவியைக் காணோம். வண்டியை இடுப்பில் தாங்கிக்கொண்டு நின்றார்.

"சார், என் ஓட்டம் கணக்குல வருமா?"

"கணக்குன்னா சார், அது பல விதமா..."

"இதுல ஒரு வண்டியோட உயிரே இருக்கு சார். ஒரு தடவையாவது நேரா பதில் சொல்லுங்க."

நேரக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்திலிருந்த சாதனைப் பலகையில் அப்போதுதான் எழுதி ஈரம் காயாமலிருந்த வரியைப் பார்த்தார். பிறகு வாழ்நாளில் முதல்தடவையாக நேராகப் பதில் சொன்னார்.

"உங்களுது வராது சார், ஆனா மொபெட் பிரிவுல இதுவரைக்கும் யாரும் ஓடினதே இல்லங்கறதால, போக வர முறையா ஓடின உங்க வீட்டம்மாதான் சாதனை, அவங்க இப்ப மொபெட் ஸ்டாண்டு ரொம்ப கனமா இருக்குன்னு என்கிட்ட கம்பம் அறுக்கற ரம்பத்தை வாங்கிட்டுப் போயிருக்காங்க."