மாப்பிள்ளைக்கு, ஐந்து பாகம் விமானம் ஓட்டியவன் எழுதுவது

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்,
10-11-2000

சிரஞ்சீவி மாப்பிள்ளை மஹேஷுக்கு ஸ்ரீனிவாசன் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம்; நீங்கள் விட்டுப்போன கம்ப்யூட்டரும் சௌக்கியம். பம்பாயில் நீங்கள், ஜானவி, அங்கேயே பிறந்ததால் நான் இன்னும் கண்ணால் காணாத பேத்தி மூவரின் சௌக்கியத்துக்கும் எழுதவும்.

பேத்தியின் ஆண்டு நிறைவுக்கு விமானத்தில்தான் வரவேண்டும், பெயர் வைத்த அன்று வராததுபோல் இதற்கும் வராவிட்டால் ஜானவி என்னோடு பேசமாட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். அன்று ரயிலில் இடம் கிடைக்கவில்லை; விமானம் ஏறப் பயம். மறைக்கவில்லை. பயம் போவதற்காக குழந்தை பிறப்பதற்கு முன் லீவுக்கு லீவு நீங்கள் கொண்டுவந்து கொடுத்த கம்ப்யூட்டர் விமான விளையாட்டை ஒன்றாம் பாகத்திலிருந்து ஐந்தாம் பாகம் வரை ஒன்றையும் தாண்டாமல் ஆடி முடித்துவிட்டேன். முப்பத்து நாலு வருஷம் ஆபீசில் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படித்தவன் வேறெப்படி ஆடுவேன்?

முதல் பாகத்தில் கேரளம் முழுவதும் ஒரு பச்சைப் பட்டை. நம் தெரு இருக்கவேண்டிய இடத்தில் கடல். தரையில் மோதினால் விமானம் பந்துபோல் எழும்பித் தன்பாட்டில் பறந்தது. சாகவேண்டுமானால் மூழ்குவது ஒன்றுதான் வழி. நம் வீட்டு வாசலில் இறங்கப் போய் மூழ்கினேன். இரண்டாம் பாகத்தில் கடலைத் தள்ளிவைத்து, விமான நிலையமென்று ஒரு கோடு போட்டார்கள், மோதினால் உடைந்தது. மூன்றில் காற்று வந்தது. நாலில் மழையும், ஆங்கிலத்தில் அதட்டும் கட்டுப்பாட்டு அறையும் வந்தன. ஐந்தில் பெட்ரோல் தீர்கிறது, இறக்கையில் பனி உறைகிறது, பருந்து வந்து மோதுகிறது. சாவதற்கு இருந்த ஒரு வழி பதினான்கு வழியாக வளர்ந்திருக்கிறது. இதைத்தான் முன்னேற்றம் என்கிறேன். நானும் கூடவே முன்னேறி, பதினான்கு விதமாகவும் செத்துத் தேறிவிட்டேன்.

எதிர்வீட்டுத் தாணுமாலையன், அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், துணை விமானியாக உட்காருவார். நாலாம் பாகம் வரை அவர் கேட்டது ஒன்றே: "சாமி, இதுக்கு ரிவர்ஸ் இல்லியோ?" இல்லை என்பேன். "பின்னே இது எந்து வண்டி!" என்பார். ஐந்தாம் பாகத்தில் தரை தொட்டதும் இன்ஜினைப் பின்பக்கம் தள்ளவைத்து வேகம் குறைக்க வழி செய்திருக்கிறார்கள். "ஞான் பறஞ்சதை ஆரோ கேட்டிருக்கான் சாமி" என்று எழுந்து நின்றுவிட்டார்.

சங்கடம் ஒன்றே ஒன்று. சென்ற வாரம் ஐப்பசி ஆறாட்டு. பத்மநாபசுவாமி ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்கு நீராடப் போகும் நேரம் நம் விமான நிலையத்தை மூடிவிடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். விளையாட்டுக் கம்பெனிக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் ஆடும்போது கட்டுப்பாட்டு அறை இறங்கு, இறங்கு என்கிறது. சுவாமி போகிற பாதையில் நான் எப்படிச் சக்கரத்தை வைப்பேன்? வட்டமடித்தேன், வட்டமடித்தேன், மூன்று மணி நேரம் வட்டமடித்தேன். "சாமி, எண்ணெ தீரும் கேட்டோ" என்றார் தாணுமாலையன். உள்ளேயிருந்து உங்கள் மாமியார், "ஏன்னா, எறங்கப் போறேளா இல்லியா? அடை ஆறிண்டிருக்கு!" என்றாள். "சுவாமி இன்னும் திரும்பலைடீ" என்றேன். பெட்ரோல் தீர்ந்து, இரண்டு பேரும் சங்குமுகம் கடலில் விழுந்தோம். "ஆறாட்டன்னிக்கு சங்குமுகத்துல முங்கினேள், புண்ணியந்தானே, கையலம்பிண்டு வாங்கோ" என்றாள். ஆறாம் பாகத்தில் ஆறாட்டைச் சேர்க்கும்படி கம்பெனிக்கு எழுதிவிட்டேன், பஞ்சாங்கமும் இணைத்திருக்கிறேன்.

ஆகவே தாராளமாக விமானத்தில் இரண்டு இடம் போடுங்கள். எனக்கு ஜன்னலோரம். பயம் துளியும் இல்லை. நடுவானில் விமானிக்குச் சந்தேகம் ஏதும் வந்தால், நான் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.

குழந்தைக்கு என் ஆசீர்வாதத்தையும், ஜானவிக்கு என் தைரியத்தையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ஸ்ரீனிவாசன்

பி.கு.: இதை உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரின்னா, நெஜ விமானம் ஓட்டறவன் எத்தனாம் பாகம் வரைக்கும் ஆடியிருக்கானாம்?" என்று கேட்டாள். நேரே தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். புதன்கிழமை புறப்படுகிறோம், ஆண்டு நிறைவுக்கு இருபது நாள் முன்பே வந்துவிடுவோம். ரயிலுக்கும் இதுபோல் ஒரு விளையாட்டு உண்டாமே? நாங்கள் வந்து இறங்கும்வரை அதை அனுப்பவேண்டாம்.