நடைப்படக்காரரும் மூன்று சிவப்புக் கோட்டுகளும்

நடைக்குப் போகிறவர்களில் மூன்று இனம் உண்டு. உடம்புக்காக நடப்பவர், ஊர்வம்புக்காக நடப்பவர், நடந்ததற்குப் படம் வேண்டும் என்பதற்காக நிற்பவர். முதல் இரண்டு இனத்தால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. மூன்றாவது இனத்துக்கு நடைப்படக்காரர் என்று பெயர் வைப்போம்.

குளிர்காலம் பிறந்து, ஆற்றங்கரைப் பாதையில் பனிமூட்டம் இறங்கி, புல்நுனியெல்லாம் வெள்ளை பூத்து, ஊரே போர்வைக்குள் புரண்டு படுக்கும் ஒரு விடுமுறை நாளாகப் பார்த்து, இவர் வீட்டாரை எழுப்பி, உடை மாற்றச் சொல்லி, அந்த உடை எடுபடவில்லை என்று மறுபடியும் மாற்றச் சொல்லி, ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு போவார். எதற்கு? நடக்க. நடப்பார்களா? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் ஒருவரைப் பாருங்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக, "அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, இப்ப விடலாம்" என்று சொல்லிச் சொல்லி நாக்கு தழும்பேறியவர். வாரத்தில் ஆறு நாள் நோயாளிகள் கேட்கிறார்கள். ஏழாம் நாள் யார் கேட்பது? வீட்டார்தான். முதுகுக்குப் பின்னால் அவரை 'டைரக்டர்' என்று அழைத்துவந்தார்கள். ஒருநாள் வாய்தவறி முகத்துக்கு நேராகவே அழைத்துவிட்டார்கள். அவர் நெகிழ்ந்துபோனார்.

அவர் மனைவி மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். விடுமுறையிலாவது நடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டதில் என்ன தவறு? அந்தப் பாதை மூன்று கிலோமீட்டர். அதன் முடிவில் ஒரு பழைய இரும்புப் பாலம். அங்கே நின்றால் இரண்டு ஆறுகள் ஒன்றுசேர்வதைப் பார்க்கலாமாம். மாத்திரை வாங்க வருகிறவர்களெல்லாம் பார்த்திருக்கிறார்கள், அவர் பார்த்ததில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் எவ்வளவு தூரம் போய்த் திரும்பினோம் என்று நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்து வைத்திருந்தார். முதல் ஆண்டு நானூறு மீட்டர். இரண்டாம் ஆண்டு அறுநூற்றைம்பது. மூன்றாம் ஆண்டு இருநூற்றிருபது; அந்த ஆண்டுதான் கேமராவுக்கு ஸ்டாண்டு வாங்கினார்கள். ஆறு ஆண்டுத் தாள்களும் ஒரு கிளிப்பில் பத்திரமாக இருந்தன.

ஏழாம் ஆண்டு அவர் சொல்லிவிட்டார்: "இன்னிக்குப் பாலத்தைப் பாக்கலேன்னா, இனிமே நான் வரல. உங்க ஸ்டாண்டையே கூட்டிட்டுப் போங்க."

"சத்தியமா இன்னிக்குப் பாலந்தான். ஒரே ஒரு படம் எடுத்துக்கிறேன்."

நடைப்படக்காரர் கணக்கில் 'ஒரே ஒரு' என்றால் நாற்பதுக்குக் குறையாது. பாதையில் இறங்கியதும் பையைத் திறந்தார். பனி சாம்பல் நிறம், படத்துக்குச் சிவப்பு வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். மனைவி, மகள், மைத்துனர் மூவரும் தத்தம் கோட்டின் மேலேயே தொப்பி வைத்த சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டார்கள்.

"அத்தான், மூணு தீயணைப்பு சிலிண்டர் மாதிரி இருக்கோம்" என்றார் மைத்துனர்.

"பேசாம வா. இல்ல, பேசிக்கிட்டே வா. ஆனா வாயைத் திறக்காதே, பல்லு தெரியுது."

நடந்தார்கள்.

"நில்லுங்க! இயல்பா நடக்கிறதுன்னா இப்படியா? திரும்பிப் போய் முதல்லேருந்து இயல்பா வாங்க. மூச்சு விடுங்க, புகை வரணும். ஐயோ, எல்லாரும் விடாதீங்க, முகம் மறையுது. பாப்பா மட்டும் விடு."

"அப்பா, மூச்சு விடுறதுக்குமா முறை?"

நாற்பது நிமிடம். நூற்றுப்பத்து மீட்டர். அப்போது அவர் கண்ணில் உறைபனி படிந்த ஓர் இலை பட்டது. தீர்ந்தது கதை.

"இந்த இலையை முடிச்சுட்டு வர்றேன். அந்த வேலி ஓரமா அசையாம நில்லுங்க" என்று குப்புறப் படுத்துவிட்டார்.

மனைவி வேலியைப் பார்த்தார். தோள் உயரத்தில் மரக்கம்பங்கள். சிவப்புக் கோட்டைக் கழற்றி ஒரு கம்பத்துக்கு மாட்டி, மருந்துப் பொட்டலம் கட்டும் நிதானத்தோடு பொத்தான்களைப் போட்டு, தொப்பியைக் கம்பத்தின் தலைமேல் இழுத்துவிட்டார். மற்ற இருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மூன்று கம்பங்கள் நின்றன. மூன்று பேர் நடந்தார்கள்.

டைரக்டர் இலையை முடித்துக்கொண்டு தலை நிமிர்ந்தார். மூட்டத்துக்குள் மூன்று சிவப்பு உருவங்கள்.

"ஆகா! அப்படியே இருங்க! மூச்சை இழுத்துப் பிடிங்க!" பிடித்தன. "இயல்புன்னா இதுதான்! ஏழு வருஷமா இதைத்தானே கேட்டேன்!"

அவ்வழியே ஓடிவந்த ஒருவர் நின்று, கம்பங்களைப் பார்த்து, இவரைப் பார்த்து, "யாரு சார் அவங்க?" என்றார்.

"என் குடும்பம்."

"ரொம்ப அமைதியான குடும்பம் சார்."

"எல்லாம் நான் குடுத்த பயிற்சி."

முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். மனிதரின் எலும்பு வரை பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கோட்டுக்குள் ஆள் இல்லை என்பது மட்டும் தெரியவில்லை.

பாலத்தில் மனைவி குளிர்ந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே கலங்கல் நீரும் தெளிந்த நீரும் கொஞ்ச தூரம் ஒட்டாமல் பக்கம்பக்கமாக ஓடி, பிறகு சத்தமில்லாமல் கலந்தன. இடது பக்கம் திரும்பு என்று சொல்ல ஆளில்லை. அவராகவே திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கமும் நன்றாகத்தான் இருந்தது. மூவரும் திரும்பி வந்தபோது டைரக்டர் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் கோட்டுக்குள் நுழைந்துகொண்டார்கள்.

அந்த வாரமே ஒரு படம் பெரிதாக்கப்பட்டு, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டது. "உயிருள்ள படம்னா இது" என்றார் அவர்.

"பாலத்தைப் பாத்தாச்சு. அடுத்த வருஷமும் வர்றேன்" என்றார் மனைவி.

"எப்பப் பாத்தே?"

"அன்னிக்குத்தான்."

"சும்மா அளக்காதே. போயிருந்தா படம் இருக்குமே! நீங்க வேலியை விட்டு நகரவே இல்லைங்கிறதுக்கு என்கிட்ட முந்நூத்திப் பன்னெண்டு ஆதாரம் இருக்கு. நேரம்கூடப் பதிஞ்சிருக்கு."

மனைவி அன்றைய நாட்காட்டித் தாளின் பின்புறம் 'மூன்று கிலோமீட்டர்' என்று எழுதிக் கிளிப்பில் செருகினார்.

இப்படி ஒருவரை எனக்கும் தெரியும் என்று சிரிக்கிறீர்கள். இந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து அவருக்கு அனுப்பலாம் என்று உங்கள் கை போனைத் தேடுகிறது. தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன், அரைமணி நேரமாக நீங்கள் சொன்னபடி சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கிறார்களே உங்கள் வீட்டார், எழுந்துபோய் அந்தக் கோட்டுகளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.