டிசைன் பேட்டர்ன் தேடு படலம்

வாழி, சுழல்நாற்காலிச் சிங்கமே! பதினோராண்டு நிரல் எழுதியும் நிரலொழுங்கு இன்னதென்று அறியாத பெருந்தகையே, பார்சல் நிறுவனத்தின் மென்பொருளை ஒற்றைக் கோப்பில் ஒன்பதாயிரம் வரிகளாய்க் குவித்த குன்றத்தோளனே, நின் புகழ் பாடத் துணிந்தோம், பொறுத்தருள்க!

திங்கள் காலை குழுத்தலைவியின் குரல் போர்முரசென அதிர்ந்தது: "புதுசா ஒரு பார்சல் வகையச் சேர்த்தா பழசு நாலு உடையுது. கோட ஒழுங்கா அமைக்கிற டிசைன் பேட்டர்ன் முறையப் படிச்சிட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சரிபண்ணுங்க. இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

"நல்ல பாடம் ஒன்னு சிக்கட்டும், அப்புறம் பாருங்க!" என வஞ்சினம் உரைத்து, இணையமென்னும் அலைகடலுள் பாய்ந்தான் வீரன்.

எதிர்த்தன பகைப்படைகள். வணக்கம் சொல்லவே ஏழு நிமிடம் விழுங்கிய காணொளிகள் களிறுகளெனப் பிளிற, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி எழுத்துப்பிழையையும் பிசகாது பேணிய கட்டுரைகள் காலாட்களென மொய்க்க, வாத்தையும் காரையும் எடுத்துக்காட்டாய் வைத்தே வையம் முழுதும் விளக்கிவிட்டு, மெய்யான வேலை வந்ததும் புறமுதுகிட்ட வகுப்புகள் புழுதி கிளப்பின. அவற்றிடையே நல்லனவும் சில நின்றன. ஆனால் இரண்டாம் பக்கத்தில் பயிற்சிக் கணக்கைக் கண்டதும் "இதவிட நல்லது இருக்கும்!" என்று கர்ஜித்து அடுத்ததன்மேல் பாய்ந்தான் அஞ்சாநெஞ்சன்.

புதனன்று பக்கத்து மேசைக்காரி ஒரு புத்தகத்தை நீட்டினாள். "மூணாவது அத்தியாயம் நம்ம பிரச்சனைதாங்க. சேர்ந்து போட்டுப் பாக்கலாமா?"

அட்டையை நோக்கினான்; ஆண்டை நோக்கினான்; எள்ளி நகைத்தான். "இது என்னைவிடப் பழசும்மா!"

வெள்ளி உதித்தது. ஏழு வண்ணக் கோப்புறைகளில் அணிவகுத்த நூற்றுப்பதினேழு லிங்குகளைத் திரையில் விரித்து, திக்கெட்டும் வென்ற மன்னனென நிமிர்ந்தான். அலுவலகத்து அச்சுப்பொறியும் ஒருகணம் அடங்கியது.

"இதுல எத்தன படிச்சீங்க?" என்றாள் தலைவி.

"படிக்கணும். இப்பதான் வடிகட்டியிருக்கேன்."

தலைவி பக்கத்து மேசையை நோக்கித் திரும்பினாள்.

"நான் அந்த ஒரு அத்தியாயம்தான் படிச்சேன்," என்றாள் மேசைக்காரி, தயங்கி. "நம்ம கோட்லயே போட்டுப் பாத்தேன். ரெண்டு தடவ எல்லாமே படுத்துடுச்சு. இப்ப ஓடுது. புது பார்சல் வகை மூணு சேர்த்தேன், எதுவும் உடையல."

கொடிகள் சாய்ந்தன, முரசம் கிழிந்தது, நூற்றுப்பதினேழு சேனைகளும் வாள் உருவாமலே வீழ்ந்தன.

அடுத்த வாரத்திலிருந்து அவன் மேசைக்காரி சொல்கிற வேலையைச் செய்கிறான்.