முழங்கையால் கிடைத்த பெயர்

ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்கு உள்ளங்கை அரிக்கும். இது குணமல்ல, வளர்ப்பு. என் அப்பா காரைக்குடிப் பக்கம் கம்பம் ஏறி இறங்கியே தலை நரைத்த லைன்மேன். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிற மனிதர், சொந்த வீட்டில் மட்டும் அதைக் கண்ணில் காட்டமாட்டார். அறையை விட்டு வருகிறவர் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வரவேண்டும். கையில் தட்டு இருந்தால் முழங்கை. இடுப்பில் குடம் இருந்தால் தோள்பட்டை. (அம்மா ஒருமுறை நெற்றியால் அணைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.) போனில்கூட அவர் பேச்சு "சாப்டியாத்தா"வில் தொடங்கி "லைட்ட அமத்துனியா"வில்தான் முடியும்.

இப்படி வளர்ந்த பெண்ணை ஒரு நாட்டின் எல்லைக்குள் விடுவதற்கு முன் அமெரிக்கத் தூதரகம் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டிருக்கலாம்.

என் அக்கா மீனாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. நான் வாய்ப்பேச்சும் கைப்பேச்சும் ஒன்றாகக் கற்றவள். அக்காவின் கல்லூரியிலிருந்து காது கேளாத மாணவர்கள் எட்டுப் பேருக்கு அமெரிக்கப் பயணம் அமைந்தது. அங்குள்ள காது கேளாதோர் நாடகக் குழு ஒன்று அழைத்திருந்தது. அமெரிக்க வரலாற்றை அந்த நாட்டுக் காது கேளாதவர்களின் கண் வழியே பார்ப்பது என்று திட்டம். தலைமை, சண்முகம் சார். அவருக்கும் காது கேட்காது. விமான நிலையத்திலும் கூட்டங்களிலும் குரல் கொடுக்கக் காது கேட்கிற ஆள் ஒன்று தேவைப்பட்டது. நான் அப்போது வரலாறு இறுதியாண்டு. வரலாறும் தெரியும், கைமொழியும் தெரியும். என்னை விட்டால் அமெரிக்காவுக்கே வேறு கதி இல்லை என்று மனதார நம்பினேன்.

கிளம்புவதற்கு முன்பே ஒரு அசடு வழிந்தாயிற்று. காது கேளாதவர்களிடையே ஒவ்வொருவருக்கும் கையால் காட்டும் பெயர் ஒன்று உண்டு. மீனா அக்காவின் பெயர், கன்னத்துக் குழியில் விரல் வைத்துத் திருகுவது. என் பெயர் தேன்மொழி. அதனால் உதட்டிலிருந்து தேன் சொட்டி, அது காற்றில் வளைந்து, பூவாய் விரிவதுபோல் இரண்டு கையாலும் செய்கிற ஒரு பெயரை நானே கண்ணாடி முன் நின்று உருவாக்கி, ரயிலடியில் எல்லோருக்கும் செய்துகாட்டினேன். சண்முகம் சார் முழுவதும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கையால் சொன்னார்:

"முடிஞ்சுதா? இல்ல, இன்னும் ரெண்டு ஸ்டேஷன் ஓடுமா?"

பெயரை நாமாக வைத்துக்கொள்ளக் கூடாதாம். காது கேளாதவர்கள் நம்மோடு பழகிப் பார்த்து, நமக்கு எது பொருந்துகிறதோ அதை அவர்களாக வைக்கவேண்டும். அதுவரை எனக்குப் பெயர் இல்லை. "மீனா தங்கச்சி" என்றுதான் என்னைக் காட்டினார்கள். அந்தப் பயணத்தில் ஒரு நல்ல பெயர் வாங்கிவிடுவது என்று நான் சபதம் எடுத்தேன்.

(அக்காவும் சாரும் கையால் சொன்னதையெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அவர்கள் கைக்கும் சிவகங்கை வாடை உண்டு.)

அக்காவுக்கு இருந்த கவலை வேறு. பயணத்தின் முடிவில் எட்டுப் பேரும் ஆளுக்கொரு கதையை மேடையில் கையால் சொல்லவேண்டும். நாடகக் குழு அவர்களில் ஒருவரை மட்டும் ஆறு மாதப் பயிற்சிக்கு அங்கேயே வைத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் அக்காவுக்கு என்ன என்பதும் வீட்டில் முடிவாகியிருந்தது: சிங்கம்புணரியில் எங்கள் மாமாவின் உரக்கடையில் பில் போடுவது. மாமா நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார். அந்த நாற்காலியின் படத்தை அம்மா அக்காவுக்கு அனுப்பியிருந்தாள். விமானத்தில் அக்கா அதைத் திறந்து திறந்து பார்த்தாள், ஜாதகத்தில் கண்டம் இருக்கிற பக்கத்தைப் பார்ப்பதுபோல.

வாஷிங்டனில், அடிமை முறையை ஒழித்த அதிபரின் பெரிய வெள்ளைச் சிலையைப் பார்த்தோம். உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இரண்டு கைகளும் அவர் பெயரின் முதலெழுத்துகளை அமெரிக்கக் கைமொழியில் காட்டுவதாக அங்குள்ள காது கேளாதவர்கள் சொல்வார்கள். சிற்பி வேண்டுமென்றே செய்தாரா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. ஆனால் காது கேளாதோர் கல்லூரி ஒன்று பட்டம் வழங்கலாம் என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். நான் இதையெல்லாம் முந்திக்கொண்டு விளக்க, சார் என்னை நகர்த்திவிட்டுச் சிலையை நிம்மதியாகப் பார்த்தார்.

அன்றைக்கே ஒரு முன்னோட்டமும் நடந்தது. விடுதி அறையில் அக்காவும் தோழி ஒருத்தியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பல் துலக்கிவிட்டு வரும் வழியில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டேன். அமெரிக்காவில் சுவிட்ச் நம் ஊருக்குத் தலைகீழ். மேலே தள்ளினால் எரியும், கீழே தள்ளினால் அணையும். அதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்ட பெருமையில் இருந்தேன். இருட்டில் ஒரு தலையணை வந்து என் முகத்தில் விழுந்தது. விளக்கைப் போட்டேன்.

"நான் பேசிக்கிட்டு இருக்கையில லைட்ட அமத்துறது, என் வாயப் பொத்துறதுடி. வெளங்குதா?"

விளங்கியது என்றேன். மூளைக்குத்தான் விளங்கியிருந்தது. முழங்கைக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு வடக்கே ஒரு பழைய ஊருக்குப் போனோம். அங்கே ஒரு காலத்துக் காது கேளாதோர் பள்ளிக் கட்டடத்தைக் கண்காட்சியாக்கி வைத்திருந்தார்கள். பிரான்சிலிருந்து காது கேளாத ஆசிரியர் ஒருவர் கப்பலேறி வந்து அந்த நாட்டுக்குக் கைமொழி கொண்டுவந்த கதை ஒரு சுவரில். பிற்காலத்தில் வகுப்பறையில் கையை அசைக்கவே கூடாது, வாயால்தான் பேசவேண்டும் என்று அதட்டிய காலத்தின் கதை அடுத்த சுவரில். அங்கே மார்த்தா என்ற வயதான அம்மா எங்களைச் சுற்றிக் காட்டினார். காது கேளாதவர், நாடகக் குழுவின் பழைய நடிகை. சிறு வயதில் அவர் இருந்த விடுதியில், பிள்ளைகள் படுக்கையில் உட்கார்ந்து கையால் கதை பேச ஆரம்பித்தால் வார்டன் வந்து விளக்கை அணைத்துவிடுவாளாம். அத்தோடு எல்லோரும் ஊமை. அப்புறம் ஒருத்தி கையை ஒருத்தி தொட்டுப் பார்த்து, இருட்டிலேயே மீதிக் கதையைப் பேசுவார்களாம்.

நான் அதைக் கேட்டு, அதாவது பார்த்து, கண் கலங்கினேன். "எவ்வளவு பெரிய கொடுமை" என்று மார்த்தா அம்மாவிடம் கையால் சொன்னேன். இது நடந்து ஒரு மணி நேரத்துக்குள் நான் செய்ததைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

கதை சொல்லும் அரங்கு அதே கட்டடத்தின் அடித்தளத்தில். ஜன்னல் கிடையாது. திரை வெளிச்சம் கண்ணை இழுக்கும் என்று வாசலிலேயே எல்லோருடைய போனையும் கூடையில் வாங்கி வைத்துவிட்டார்கள். மேடை விளக்கு, அரங்க விளக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்ச், பின்கதவுக்கு வெளியே நடையில், நம் ஊரில் குளியலறைக்கு இருப்பதுபோல.

அக்காவின் முறை கடைசி. அவள் முன்பே சொல்லிவிட்டாள்: "கதைக்குக் கொரலு வேணாம். கைய பாத்தா போதும். நீ எங்கிட்டாவது போயி சும்மா இரு." சும்மா இருப்பது எனக்கு வராது. நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோருக்கும் கொடுக்க அம்மா ஒரு பெரிய டின் நிறையச் சீப்புச் சீடை கொடுத்திருந்தாள். அது நடைக்கு அடுத்த சமையலறையில் இருந்தது. எடுத்து வைத்துக்கொள்வோமே என்று பூனைபோல் பின்கதவைத் திறந்து வெளியே வந்தேன். கதவு தானாக மூடிக்கொண்டது. வரும்போதே என் போனையும் கூடையிலிருந்து கையோடு எடுத்துக்கொண்டிருந்தேன் (மொழிபெயர்ப்பாளருக்கு விதிவிலக்கு உண்டு என்று நானே விதித்துக்கொண்டது).

டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது உள்ளேயிருந்து சத்தம். தொம் தொம் என்று தரையில் காலால் உதைக்கிறார்கள். மரத்தரை, சுவரே அதிர்கிறது. காது கேளாதவர்கள் கையை உயர்த்தி அசைத்துத்தான் பாராட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாராட்டு கையில் அடங்காமல் போனால் காலுக்கு இறங்கும்போல என்று அந்த நிமிடத்தில் ஒரு புதிய அறிவு எனக்குள் உதித்தது. சந்தோஷம் தாங்கவில்லை. உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். எங்கள் ஊரில் அப்போது மாலை, அப்பா டீ குடிக்கிற நேரம்.

"அப்பா, அக்கா பின்னி எடுக்குறா. கேளுங்க." போனைக் கதவில் வைத்தேன்.

"என்னத்தா இது, மஞ்சுவெரட்டு மாதிரி கேக்குது?"

"தரையில மிதிச்சுப் பாராட்டுறாகப்பா. அக்காவுக்கு எடம் கெடச்ச மாதிரிதான்."

"அப்ப உரக்கடைக்கு ஆளு பாத்துக்கச் சொல்லி மச்சான்ட்ட சொல்லிறவா?"

"சொல்லிருங்க."

"நீ ஏன் வெளிய நிக்கிற?"

"சீடை டின்ன எடுக்க வந்தேன்."

"சரி. லைட்ட அமத்திட்டுத்தான வந்த?"

"அமத்திட்டேன்ப்பா" என்றேன், நல்ல பிள்ளையாக.

அந்தப் பக்கம் டீ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஏத்தா... உள்ள ஆளு இருக்காகள்ல?"

கதவின் கீழ் இடுக்கைப் பார்த்தேன். ஒரு கீற்று வெளிச்சம் இல்லை. வெளியே வந்தபோது என் முழங்கை தன் போக்கில் கடமையைச் செய்துவிட்டிருந்தது.

டின் கீழே விழுந்து சீடை நடை முழுவதும் உருண்டது. சுவிட்சிடம் ஓடினேன். பதற்றத்தில் அமெரிக்க அறிவு முழுவதும் போய்விட்டது. எரிய வேண்டுமென்றால் கீழே தட்டவேண்டும். இது காரைக்குடி அறிவு. அது ஏற்கெனவே கீழேதான் இருந்தது. நான் அதை மேலும் மேலும் கீழே தட்டிக்கொண்டிருந்தேன். போனில் அப்பா, "மேல தள்ளு, மேல தள்ளு, அந்த ஊருல தலகீழுனு நீதான சொன்ன" என்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு லைன்மேன் கடல் தாண்டிச் சரிசெய்த ஒரே மின்தடை அதுவாகத்தான் இருக்கும்.

விளக்கு எரிந்தது. கதவைத் திறந்தேன்.

மேடையில் அக்கா இல்லை. முன்வரிசையில், மார்த்தா அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் கதை சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் மார்த்தா அம்மாவின் சுருங்கிய கைகள், கூடவே அசைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் இருந்தவர்களும் குனிந்து, கிடைத்த இடத்தில் ஒரு விரலையாவது வைத்திருந்தார்கள். கை எட்டாதவர்கள்தான் விளக்கைப் போடச் சொல்லித் தரையை உதைத்தது. நாடகக் குழுவுக்குப் பணம் கொடுக்கிற, காது கேட்கிற புரவலர் ஒருவர் மட்டும் எதையும் பிடிக்கத் தெரியாமல் தன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கை அசையவில்லை. ஒரு புருவம் மட்டும் உயர்ந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் அந்தப் புருவத்தை என்னால் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்க முடியும். அச்சில் வராது.

தண்டனை அதற்கப்புறம்தான். அந்தப் புரவலர் எழுந்து, "இருட்டுக் காட்சி அற்புதம். அந்த யோசனை உங்களுடையதா?" என்று கேட்டார். கேட்டது அக்காவை. மொழிபெயர்க்கவேண்டியது நான். மொழிபெயர்ப்பாளருக்கு ஒரே சட்டம்தான்: கூட்டாதே, குறைக்காதே, பேசுகிறவராகவே பேசு. "ஆமான்னு சொல்லிரு அக்கா" என்று கை துடித்தது. சண்முகம் சார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதை மட்டும் காட்டினேன்.

அக்கா எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுப் பதில் சொன்னாள். என் குரலில், நான், அத்தனை பேர் முன்னால் சொன்னேன்:

"இல்லை. என் தங்கை ஒரு கூமுட்டை."

(கூமுட்டைக்கு ஆங்கிலம் தேடி நான் தடுமாறியதையும், கடைசியில் "கெட்டுப்போன முட்டை" என்று சொன்னதையும், புரவலர் அனுதாபத்தோடு தலையசைத்ததையும் இங்கே விரித்து எழுதப்போவதில்லை.)

"எங்கள் அப்பா ஊருக்கு வெளிச்சம் கொடுக்கிறவர். இவள் அவர் வளர்ப்பு. மார்த்தா அம்மாவின் வார்டன்கூடப் பொழுது சாயும்வரை காத்திருந்தாள். என் தங்கை காலை காப்பி முடிந்ததுமே விளக்கை அணைத்துவிட்டாள்."

மார்த்தா அம்மா நாற்காலியிலிருந்து சரிகிற அளவுக்குச் சிரித்தார். அரங்கு முழுவதும் கைகள் உயர்ந்து அசைந்தன. என் வாழ்க்கையில் நான் பேசி இவ்வளவு வரவேற்புக் கிடைத்தது அன்றைக்குத்தான், அதுவும் என்னைத் திட்டி.

மாலையில் பயிற்சிக்கு அக்காவின் பெயரைச் சொன்னார்கள். இருட்டுக்காக அல்ல, இருட்டிலும் கதையை நிறுத்தாததற்காக என்று நாடகக் குழுத் தலைவி தெளிவாகச் சொன்னார்; சொல்லும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அக்கா முதலில் செய்த காரியம், போனில் அந்த நாற்காலிப் படத்தை அழித்தது. இரண்டாவது காரியம், என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுக் கட்டிப்பிடித்தது.

மிச்சமிருந்த சீடையை (பொறுக்கியதல்ல, டின்னில் தங்கியது) தின்றுகொண்டே மார்த்தா அம்மா என்னைக் கூப்பிட்டார். முழங்கையால் காற்றில் ஒரு இடி. பிறகு விரிந்திருந்த விரல்கள் ஐந்தும் விளக்கு அணைவதுபோல் பொத்தென்று குவிந்தன. அதுதான் என் பெயர் என்றார். எட்டுப் பேரும் உடனே செய்து பழகினார்கள். நான் சண்முகம் சாரைப் பாவமாகப் பார்த்தேன். அவர் சீடையைக் கடித்து முடித்து, கையைத் துடைத்து, முறைப்படி ஒருமுறை செய்து பார்த்தார்.

"இது சுருக்கமா இருக்கு" என்றார்.

அக்கா இப்போது காரைக்குடியிலேயே நாடகக் குழு நடத்துகிறாள். உரக்கடை நாற்காலியில் மாமாவின் பூனை படுத்திருக்கிறது. வீட்டில் என்னைத் தேன்மொழி என்று யாரும் கூப்பிடுவதில்லை. கைமொழியே சரியாக வராத அப்பாகூட இந்த ஒரு பெயரை மட்டும் பிழையில்லாமல் செய்வார்.

போன மாதம் கண்டரமாணிக்கத்தில் எங்கள் பயணக் குழுவில் வந்த பையன் ஒருவனுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடித்துப் பந்தியில் உட்கார்ந்ததும் மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடி விளக்கு வந்தபோது, எதிர்ப்பந்தியில் காது கேளாத விருந்தாளிகள் இரண்டு வரிசையும் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரே சமயத்தில் அத்தனை முழங்கையும் காற்றில் இடித்தது.

நான் சுவிட்ச் பக்கமே போகவில்லை. இலையைக் காட்டினேன், சாம்பார்க் கையைக் காட்டினேன். ஒருவரும் நம்பவில்லை. பக்கத்து இலையில் இருந்த அப்பா குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"நெசமாவே நீ இல்லையாத்தா?"