வெள்ளை ஈ ஒழிப்புப் பந்தயம்

கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கொல்லைத் தக்காளிச் செடிகளில் அப்பிக்கிடக்கும் வெள்ளை ஈக்களை ஒழித்துக்கட்டுவது. அந்தச் சாக்கில், கல்யாணமான நாளிலிருந்து பறிபோன தன் சாயங்காலங்களையும் மீட்பது.

"இது மருந்து இல்லை, பூஞ்சை!" பொட்டலத்தை மனைவியின் மூக்குக்கு நேரே ஆட்டினார். "ஈ மேல ஒட்டும், முளைக்கும், தோலைத் துளைச்சு உள்ளே போகும். ஈ காலி!"

"ரொட்டியில பூக்குமே, அதுவா?"

"அது சோம்பேறி. இது உழைப்பாளி."

"அதான், இந்த வீட்டுக்கு ஒத்துவருமான்னு யோசிக்கிறேன்."

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பந்தயம்! பத்து நாள்ல பூஞ்சை ஈயைக் கொன்னா சாயங்காலம் என்னுது. நேரே கேரம் கிளப். எங்கேன்னு கேக்கக் கூடாது."

"கொல்லலைன்னா?"

"ராத்திரிப் பாத்திரம் பூரா நான் தேய்க்கிறேன். ஆயுசுக்கும்."

"சரி" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் உச்சிவெயிலில், தெருவே பார்க்கட்டும் என்று தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். மூன்று வரிசை முடிவதற்குள் தலை சுற்றியது. கடைசி வரிசையை அம்போவென்று விட்டுவிட்டுப் போய்ப் படுத்தார்.

பத்தாம் நாள் செடியைத் தட்டினார். ஈக்கள் மேகம்போல எழுந்து, அவர் தலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே இலையில் சாவகாசமாக உட்கார்ந்தன. பாத்திரத் தொட்டி அவர் கண்முன் வந்து நின்றது.

"கடைசி வரிசையைப் பாருங்க" என்றாள் மனைவி.

இலையைத் திருப்பினார். அத்தனை ஈயும் வெள்ளைப் பஞ்சு பூத்துச் செத்துக்கிடந்தது.

"நீங்க வச்சுட்டுப் போன மிச்சத்தை அன்னைக்கே வெயில் தாழ்ந்ததும் நான் அடிச்சேன். வெயில் பட்டா பூஞ்சை செத்துடும்னு பொட்டலத்துப் பின்னாடி போட்டிருக்கே. முன்னாடி படத்தை மட்டும் பார்த்தா எப்படி?"

தொங்கிய தலை சட்டென்று நிமிர்ந்தது. "அப்போ கொன்னது பூஞ்சைதானே? ஜெயிச்சது நான்தானே?"

"யாரு இல்லைன்னது?"

"சாயங்காலம் என்னுது?"

"உங்களுதேதான். எங்கேன்னுகூட கேக்க மாட்டேன், எனக்குத்தான் தெரியுமே." தெளிப்பானை அவர் தோளில் மாட்டினாள். "இன்னைக்கு நம்ம கொல்லை. நாளைக்குப் பக்கத்து வீடு. அடுத்த நாள் மாடி வீட்டு அக்கா. வாராவாரம் அடிச்சாத்தான் பிடிக்குமாம். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அப்போ கிளப்?"

"அது வெள்ளிக்கிழமை. அங்கே பின்பக்கம் நாற்பது செடி இருக்காம்."