லில்லியின் நான்கு வயிறுகள்

பனச்சமூடு,
14-5-1996

அன்பும் மரியாதையும் உள்ள கிருபாபாய் சித்திக்கு, அக்காள் மகள் லிஷா எழுதுவது. நீங்களும் சித்தப்பாவும் ஆவடி வெயிலில் வாடாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். லில்லியும் சுகம் என்று சேர்த்து எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதத்தை ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன்.

அப்பா போட்ட கார்டு இதற்குள் உங்களுக்கு வந்திருக்கும். பசுவுக்கு வயிறு கெட்டுவிட்டது, சனிக்கிழமை தரகர் சுந்தரதாஸுக்குக் கொடுக்கிறேன், சம்மதம் எழுதவும் என்று மூன்று வரி எழுதியிருப்பார். சம்மதம் எழுதிவிடாதீர்கள் சித்தி. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றபோது, வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று கன்றுக்குட்டியாக வாங்கித் தந்தது நீங்கள். லில்லி உங்கள் பசு. கூடாது என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் அப்பா மீற மாட்டார். சுந்தரதாஸ் பிடித்துப் போகும் மாடு எதுவும் இன்னொரு தொழுவத்துக்குப் போவதில்லை, லாரியில் ஏறி நேரே இறைச்சிக்குத்தான் போகிறது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பனச்சமூடு பூத்தில் பத்துப் பேர் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, பசுவின் வயிற்றைப் பற்றிச் சத்தம் போட்டுப் பேச என்னால் ஆகாது.

வயிறு எப்படிக் கெட்டது என்று அப்பா எழுதியிருக்க மாட்டார். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை நம் சபையில் அசன விருந்து நடந்தது. இந்த வருடம் ஆட்கள் குறைந்து சோறு மிஞ்சியது. பந்தியில் பப்படம் பரிமாறும் பொறுப்பு அப்பாவுக்கு. பப்படம் பரிமாறியவர் அதோடு வந்திருக்கலாம். "ஜெபம் பண்ணி இறக்கின சோறாக்கும், மண்ணில கொட்டப்பிடாது" என்று சொல்லி இரண்டு பெரிய வாளி நிறையச் சோறும், அதன் மேல் சாம்பாரும், அதன் மேல் பாயசமும் ஊற்றிக் கொண்டுவந்து லில்லியின் முன்னால் வைத்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொன்னேன். மனதுக்குள் சொன்னேன். லில்லி இரண்டு வாளியையும் நக்கித் துடைத்துவிட்டு மூன்றாவது வாளியைத் தேடியது. அப்பா ரொம்பச் சந்தோஷப்பட்டு, "பாத்தியா, அதுக்கும் அசனம் கிட்டிச்சு" என்றார். மறுநாள் நாங்கள் ஆராதனை முடிந்து வரும்போது லில்லி படுத்திருந்தது, எழுப்பினாலும் எழவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. சாணி தண்ணீராகப் போனது, அதில் சோறு சோறாகவே இருந்தது. முக்கியமாக, அசைபோடுவது நின்றுவிட்டது. சும்மா நேரத்தில் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் அந்த வாய் ஆடாமல் இருப்பதைப் பார்க்க, ஓடாத கடிகாரத்தைப் பார்ப்பது போல் இருந்தது.

திங்கட்கிழமை மிருக டாக்டர் வந்தார். இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒரு அனக்கமும் இல்ல. எதுக்காக்கும் இவ்வளவு சோறு குடுத்திய?" என்றார். அப்பா சபையைக் குற்றம் சொன்னார். டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து எனக்குச் சொன்னார், அப்பா கேட்கும் நிலையில் இல்லாததால். பசுவுக்கு வயிறு நான்கு அறை. முதல் அறை பெரிய குட்டுவப் பானை மாதிரி. பசு அவசர அவசரமாக மேய்ந்து, மெல்லாமல் அதில் போட்டு வைக்கும். பிறகு ஆற அமர உட்கார்ந்து, உருண்டை உருண்டையாக வாய்க்குத் திரும்ப எடுத்து மெல்லும். "புல்ல தீனியாக்குறது பசு இல்ல கேட்டியா. அதுக்க வயிற்றில கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கு ஜீவிகள் உண்டு, அதுகளாக்கும் வேலை செய்யுது. நீங்க சோறு போட்டு, அது ஒரேயடியா புளிச்சு, அதுகள் எல்லாம் செத்துப்போச்சு" என்றார். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே சித்தி. ஒரே ராத்திரியில் கோடிக்கணக்கான ஜீவன்களைக் கொன்றவர் போல அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆப்பத்துக்குப் போடும் அப்பக்காரம் கரைத்துப் புகட்டினால் புளிப்பு அடங்கும், ஆனால் செத்த ஜீவிகளுக்குப் பதில் உயிருள்ளவை வேண்டும், நல்ல பசு அசைபோடும் உருண்டையை அதன் வாயிலிருந்தே எடுத்து, வெதுவெதுப்பான நீரில் கலக்கி உடனே கொடுக்க வேண்டும், மூன்று நாள் கொடுக்க வேண்டும் என்றார்.

நம் பக்கத்தில் நல்ல பசு இருப்பது தங்கபாய் மாமி வீட்டில் மட்டும்தான். அப்பா போக மாட்டேன் என்றார், அம்மாவோ தான் போனால் சண்டை வரும் என்றாள். நான் மூன்று முறை அவர்கள் வேலி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். நான்காவது முறை மாமியே பார்த்துவிட்டு, "எதுக்கு பிள்ள வேலிய அளக்குத?" என்று கேட்டுவிட்டதால் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டதும் மாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"எனக்க பசு மென்னுட்டு இருக்குதத வாயில இருந்து பிடுங்கணுமா? அசனத்தில எனக்க இலைய மட்டும் தாண்டிப் போனான் உனக்க அப்பன். ஒரு பப்படம் வச்சானா? இப்ப எனக்க பசு அவனுக்கு வெளம்பணுமோ? அவன் வந்து கேக்கட்டு!"

அப்பா வர மாட்டார் என்பது மாமிக்கும் தெரியும். லில்லி படுத்தே கிடந்தது. நான் வீட்டுக்கு வந்து எட்டுப் பப்படம் பொரித்தேன். ஓர் இலை அறுத்து எடுத்துக்கொண்டு போய், மாமியின் வீட்டில் விரித்து, இடது ஓரத்தில் முதலில் பப்படத்தை வைத்தேன். "மாமி, நான் வெளம்பினா போராதா?" என்றேன். வைத்த அவசரத்தில் பப்படம் இரண்டு நொறுங்கிவிட்டது. மாமி இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பப்படத்த மட்டும் வச்சா ஆச்சா, சோறு எங்க?" என்றாள். பிறகு அவளே சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, எட்டையும் சாப்பிட்டாள். "போய் எடு. பால் கொறஞ்சுதுண்ணா உன்ன விடமாட்டேன்" என்றாள்.

எடுப்பது லேசில்லை. பசு ஓர் உருண்டையை விழுங்கியதும் சற்று நேரம் எதையோ மறந்தது போல நிற்கும். உடனே கழுத்தில் கீழிருந்து மேலாக ஒன்று ஓடுவது வெளியே தெரியும். அது வாய்க்கு வந்த அந்த நொடியில் நாக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் கையை உள்ளே விட வேண்டும். முதல் உருண்டையைப் பசு எனக்கு முன்னால் விழுங்கிவிட்டது. இரண்டாவது என் பாவாடையில் விழுந்தது. மூன்றாவது கிடைத்தது. மாமி பின்னால் நின்று, "கடைவாய்ப் பல்லுக்குள்ள கைய விடாதே, வெரலு போவும்!" என்று கத்தியபடியே, இன்னும் நான்கு எடுக்கும்வரை கொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சட்டியை மூடிக்கொண்டு ஓடி வரும் வழியில் நம் சபை உபதேசியார் எதிரே வந்து, "சட்டியில என்ன மக்கா?" என்று கேட்டார். எனக்கு வேறு ஒன்றும் வாயில் வராமல், "கீரை" என்று சொல்லிவிட்டேன். "கொள்ளாம், எனக்கும் கொஞ்சம் எடுத்து வை, திரும்பும்போ வாறேன்" என்றார். வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. இதற்கு மட்டும் நீங்கள்தான் அவருக்கு ஒரு வரி எழுத வேண்டும்.

மூன்று நாளும் போனேன், மூன்று நாளும் பப்படம் பொரித்தேன். வியாழக்கிழமை காலையில் லில்லியின் வயிற்றில் தூரத்து இடி போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு எழுந்து நின்று ஒரு பிடி வைக்கோல் தின்றது. பத்து மணிக்கு அசைபோட ஆரம்பித்தது. நான் எதிரில் உட்கார்ந்து எண்ணினேன், ஓர் உருண்டைக்கு ஐம்பத்திரண்டு மென்றது. இப்போது பாலும் வரத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அப்பா விற்றே தீருவேன் என்கிறார். லில்லியின் வயிறு கெட்டது காரணமில்லை சித்தி. தொழுவத்துப் பக்கம் போகும்போதெல்லாம் சபையில் எல்லாரும், "எப்பம் அடுத்த அசனம்?" என்று கேட்டுச் சிரிப்பது அவருக்கு ஞாபகம் வருகிறது. சபையார் சிரிப்பதை அவரால் தாங்க முடியவில்லை என்பதற்காக லில்லி லாரியில் ஏறக் கூடாது. நான் விட மாட்டேன். ஆனால் அப்பாவின் முன்னால் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் நீங்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும், கடிதம் வந்து சேராது என்றால் தந்தி கொடுங்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் வீட்டில் உண்பதையும் உடுப்பதையும் ஆசீர்வதிப்பாராக, மிஞ்சினால் பசுவுக்குப் போடாதிருக்கவும் புத்தி தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
லிஷா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது சுந்தரதாஸ் வந்துவிட்டார், சனிக்கிழமைக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல். வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. "அப்பன் எங்க மக்கா? பசுவுக்கு என்ன தீனம்?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்லத் தொடங்கினேன். என்ன நோய் என்று அறிய வேண்டுமானால் முதல் வயிற்றிலிருந்து சொல்ல வேண்டும் அல்லவா, சொன்னேன். படம் வரைந்தால்தான் புரியும் என்பதால் வெளியே வந்து முற்றத்தில் வரைந்தேன். அவர் தண்ணீர் கேட்டார், கொடுத்துவிட்டுத் தொடர்ந்தேன். இரண்டாவது வயிற்றுக்கு வந்தபோது, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்தார். "முப்பது வருசமா மாட்டுக் கச்சவடம் பண்ணுதேன், ஒரு மாட்டுக்க வயித்த இவ்வளவு நேரம் நான் கேட்டதில்ல. எனக்கு இந்தப் பசு வேண்டாம்ணு அப்பன்கிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அதனால் நீங்கள் அப்பாவுக்கு ஒன்றும் எழுத வேண்டாம், தந்தியும் வேண்டாம். ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால்தான் இதை அனுப்புகிறேன். அப்பா இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவார். அவருக்கு மூன்றாவது வயிற்றிலிருந்து சொல்லத் தொடங்குவேன்.